பார்டர் அப்பளம் மாதிரி அலையுது, க்வில்ட் டாப்பை எப்படி சதுரத்துக்குக் கொண்டு வர்றது?

சுங்குடிப்பொட்டு:

வணக்கம், ஒரு வருஷமா இங்க படிக்க மட்டும் செஞ்சுட்டு இருந்தேன், இப்ப வேற வழி இல்லாம எழுதுறேன். அம்மாவோட பழைய சுங்குடிப் புடவை ஏழு இருந்துச்சு, ரெண்டு ரொம்ப நைஞ்சு போச்சு, மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு, சாயம் மட்டும் மங்கல். தங்கச்சிக்கு ஆவணில கல்யாணம், அவளுக்குக் குடுக்கலாம்னு வெட்டி க்வில்ட், அதான் ஒட்டுத்துணிப் போர்வை, போட உக்காந்தேன். டிசைன் ரொம்ப சிம்பிள்தான், நடுவுல ஒரு சதுரத்தைத் திருப்பி வெச்சு நாலு மூலைலயும் முக்கோணம் வெச்சா ஒரு பிளாக், தைச்சு முடிச்சா 9 இன்ச் வரணும், அகலத்துக்கு 6 நீளத்துக்கு 8, மொத்தம் 48. ஒவ்வொரு பிளாக்கையும் தையலுக்குச் சுத்திக் கால் இன்ச் விட்டு 9½க்கு ரூலர் வெச்சு ட்ரிம் பண்ணிட்டுத்தான் சேர்த்தேன், அதுல சோம்பேறித்தனம் படல.

கணக்குப்படி டாப், அதான் பஞ்சு வைக்கறதுக்கு முன்னாடி சேர்த்த மேல் துணி, 54½க்கு 72½ வரணும். ஆசையா பார்டர் வைக்கலாம்னு அரக்குப் புடவைய அகலவாக்குல பட்டை பட்டையா வெட்டி, ஒட்டுப் போட்டு ஒரே நீளமாக்கி, டாப்போட ரெண்டு நெட்டு ஓரத்துலயும் வெச்சு தைச்சுக்கிட்டே போயி கடைசில மிச்சம் தொங்குனத வெட்டி விட்டேன். ஹால்ல விரிச்சுப் பாத்தா நடுவுல தரையோட ஒட்டி படுத்திருக்கு, ஓரம் மட்டும் பொரிச்ச அப்பளம் மாதிரி எந்திரிச்சு நிக்குது. நான் கையால தடவி விட தடவி விட அந்த அலை அடுத்த பக்கம் போயி எந்திரிக்குது. எங்க வீட்டுக்காரர் "இதுக்கு மேல படுத்தா ஆடும்ல"ன்னுட்டு போயிட்டாரு.

நேத்து ராத்திரி அழுதுக்கிட்டே ரெண்டு பார்டரையும் பிரிச்சுட்டு அளந்து பாத்தேன். இடது ஓரம் 72¾, நடு 71½, வலது ஓரம் 72⅝. மேல 54⅞, நடு 53¾, கீழ 54¾. மூலைக்கு மூலை அளந்தா ஒண்ணு 91¾, இன்னொண்ணு 90¼. ஒரே துணில எப்படி இத்தனை நம்பர் வரும்னே புரியல. இப்ப எல்லாத்தையும் சின்ன அளவுக்கு வெட்டி சதுரமாக்கிட்டு பார்டர் வைக்கணுமா, இல்ல மறுபடி முதல்லருந்து பிரிக்கணுமா? பிரிக்கணும்னா சத்தியமா என்னால முடியாது, அத முன்னாடியே சொல்லிடுறேன்.


சும்மாதான்:

இதுக்கா இவ்ளோ யோசனை, சின்ன அளவு எதுவோ அதுக்கு வெட்டித் தள்ளுங்க சிஸ். 53½க்கு 71. நாலு பக்கமும் ரூலர் வெச்சு ஒரே இழுப்பு, முடிஞ்சுது. நான் அப்படித்தான் பண்ணுவேன், யாரும் டேப் வெச்சுட்டு வந்து பாக்கப் போறதில்ல.


நூல்கண்டு:

கட்டரைக் கீழ வெய்யி கண்ணு. முதல்ல அதப் பண்ணு, அப்புறம் மத்தத பேசலாம்.

தம்பி சொல்றது சாதா கட்டம் போட்ட க்வில்ட்டா இருந்தா ஒரு மாதிரி ஒப்பேத்தலாம். இது திருப்பி வெச்ச சதுரம். ஒவ்வொரு ஓரப் பிளாக்லயும் அந்த நடுச் சதுரத்தோட முனை ஓரத்துக்குக் கால் இன்ச் உள்ள வந்து நிக்கும், அந்தக் கால் இன்ச் தையலுக்குள்ள போயிரும், முனை பார்டரைத் தொட்டு நிக்கும், அதுதான் இதுல அழகே. நீ ஓரத்துல முக்கால் இன்ச் வெட்டினா 24 ஓரப் பிளாக்லயும் முனை மழுங்கிப் போகும், கோபுரம் கட்டி கலசத்த அறுத்த கதை. அதுவும் போக உன் டாப் பெருசா இல்ல, ஓரம் இழுபட்டு நீண்டிருக்கு. இழுபட்டத வெட்டினா பிரச்சனை அப்படியேதான் இருக்கும், துணிதான் போகும்.

நீ குடுத்த நம்பரைப் பாத்தாலே கதை தெரியுது. நடு அளவு ரெண்டு பக்கமும் குறைச்சல், ஓரம் ரெண்டு பக்கமும் அதிகம். ரெண்டும் தனித்தனி கோளாறு. நடுல நீளத்துக்கு ஒரு இன்ச் குறையுது, 8 பிளாக்குக்கு நடுவுல 7 தையல் இருக்கு. தையலுக்கு ஒரு நூல், அதான் ⅛ இன்ச், கூடுதலாப் புடிச்சிருக்க. ஏழு நூல் போச்சு, கிட்டத்தட்ட ஒரு இன்ச். அகலத்துக்கு 5 தையல், ஆறு நூல் போயிருக்கு, அதுவும் ஒத்து வருது. ஒரு தையல்ல பக்கத்துக்கு அரை நூல் தப்பினா கண்ணுக்கே தெரியாது, வரிசையாச் சேரும்போதுதான் தெரியும். பிளாக்க ட்ரிம் பண்ணினது சரி, சேர்க்கறப்ப கால் இன்ச் தப்பிருச்சு. உன் மெஷின்ல கால் இன்ச் ஃபுட் இருக்கா, இல்ல சாதா ஃபுட் ஓரத்த நம்பித் தைச்சியா?

அடுத்தது ஓரம் ஏன் நீண்டுச்சுன்னு. அந்த மூலை முக்கோணத்த எப்படி வெட்டின? ஒரு சதுரத்த ஒரே குறுக்கு வெட்டுல ரெண்டாக்கினியா, இல்ல பெருக்கல் குறி மாதிரி வெட்டி நாலாக்கினியா? இதுக்குப் பதில் சொல்லு மொதல்ல.


சுங்குடிப்பொட்டு:

அக்கா சாதா ஃபுட்தான், மெஷின் பழசு. முக்கோணம் பெருக்கல் குறி மாதிரிதான் வெட்டினேன், 7⅝ சதுரம் வெட்டி நாலாக்கினேன், ஒரே சதுரத்துல நாலும் கெடைக்குதே, துணி மிச்சம்னு. அது தப்பா?


நூல்கண்டு:

ஆஹா, புடிச்சாச்சு.

தப்புன்னா, அளவு சரி, வெட்டின திசை தப்பு. ப்ளவுஸ் தைக்கிறவங்க கிராஸ் கட்டிங்னு சொல்றாங்கல்ல, துணிய மூலைவாக்குல வெட்டினா ரப்பர் மாதிரி இழுபடும், ப்ளவுஸுக்கு அது வரம், க்வில்ட் ஓரத்துக்கு அதுவே சாபம். ஒரு சதுரத்த நாலாக்கினா முக்கோணத்தோட நீளமான பக்கம்தான் நேர் இழைல வரும், ரெண்டு குட்டிப் பக்கமும் கிராஸ்ல வரும். உன் பிளாக்ல அந்தக் குட்டிப் பக்கம்தான் வெளி ஓரம். அதாவது 48 பிளாக்குக்கும் சுத்தி நாலு பக்கமும் கிராஸ். உள்ள இருக்கறத பக்கத்துத் தையல் புடிச்சு வெச்சிருக்கு, வெளி ஓரத்தப் புடிக்க யாரும் இல்ல. நீ அதுக்கு மேல ஸ்டீம் அயர்ன போட்டு இழுத்து இழுத்து தேய்ச்சிருப்ப, நான் பாக்காமயே சொல்றேன்.

அடுத்த தடவை இதே 9 இன்ச் பிளாக்குக்கு 5⅜ சதுரம் வெட்டி ஒரே ஒரு குறுக்கு வெட்டு, ஒரு பிளாக்குக்கு ரெண்டு சதுரம். நேர் இழை வெளிய வந்துரும். துணியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் ஆகும்.

இப்ப பிரிக்க வேணாம், பயப்படாத. நடு அளவுதான் உண்மை. உன் டாப் 53¾க்கு 71½, அவ்ளோதான், 54½ஐ மறந்துரு, உன் தங்கச்சிக்கு அந்த முக்கால் இன்ச் தெரியப் போறதில்ல. பார்டரை 71½க்கு மொதல்லயே வெட்டிட்டு, 72¾ ஓரத்த அதுக்குள்ள அடக்கிக் கொண்டு வரணும். ஓரத்துக்கு பார்டரை வெட்டக் கூடாது, பார்டருக்கு ஓரம் அடங்கணும். நீ பண்ணின மாதிரி நீளத்துணிய வெச்சு தைச்சுக்கிட்டே போனா இழுபட்ட ஓரம் எவ்ளோ கேக்குதோ அவ்ளோ பார்டரையும் வாங்கிக்கும், அதான் அப்பளம்.

செய்யற முறை சொல்றேன். சாதம் வடிச்ச கஞ்சிய நல்லா தண்ணியா கரைச்சு வடிகட்டி, ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தெளி. சொட்டச் சொட்ட வேணாம், ஈரம் பட்டாப் போதும். மெத்தை மேல விரிச்சு, நடுவுலருந்து ஓரத்த உள்பக்கமா கையால அமுக்கி அமுக்கிச் சேர்த்து 71½க்குக் கொண்டு வந்து குண்டூசி குத்தி விட்டுரு. கொடில தொங்க விட்டுராத, கனத்துல இன்னும் இழுத்துரும். காஞ்சதும் இஸ்திரி பெட்டிய வெச்சு வெச்சு எடு, தள்ளாத. அப்புறம் ஓரத்துலருந்து ஒரு நூல் உள்ள தள்ளி சுத்தி ஒரு தையல் ஓட்டிரு, அது பார்டர் தையலுக்குள்ள மறைஞ்சுரும், ஓரம் அதுக்கு மேல நகராது. அந்தத் தையல ஒவ்வொரு பக்கமும் தனியா ஓட்டு, மூலைல திரும்பாத.

ஒண்ணு மட்டும், கஞ்சி போட்டத வேல முடிஞ்சதும் துவைச்சுரணும். எங்க வீட்டுல ஒண்ணு பீரோல ஆறு மாசம் கெடந்து ராமபாணப் பூச்சி தின்னு தீத்துருச்சு.


சும்மாதான்:

சரிங்க அக்கா வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 என் க்வில்ட்லாம் ஏன் மூலை மழுங்கியே இருக்குன்னு இப்பதான் தெரியுது.


மூலமட்டம்:

நான் தையல்காரன் இல்ல, சைட் இன்ஜினியர், என் மனைவி இங்க மெம்பர், அவங்க காட்டினதுல அந்த நம்பரைப் பாத்துட்டு கை சும்மா இருக்கல. 54, 72 — ரெண்டையும் 18ஆல வகுத்துப் பாருங்க, 3, 4 வருது. அப்ப மூலைக்கு மூலை 5 பதினெட்டு, அதாவது சரியா 90. நீங்க தெரியாமலே 3-4-5ல க்வில்ட் டிசைன் பண்ணிருக்கீங்க. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது எந்தக் கொத்தனாரும் முதல்ல பாக்குறது அதான், ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்கா 5 அடி வந்தாத்தான் மூலமட்டம் சரி.

இப்ப உங்க அளவு மாறிப் போச்சு, 53¾க்கு 71½ன்னா குறுக்கு 89½ வரணும், ஒரு அரை நூல் குறையும், பரவால்ல. உங்களுக்கு 91¾, 90¼. ரெண்டுமே பெருசா இருக்கறது ஓரம் இழுத்ததால, அது அக்கா சொன்ன கணக்கு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை இன்ச் வித்தியாசம் இருக்கே, அது தனி நோய், டாப் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. கஞ்சி ஈரமா இருக்கும்போதே குட்டிக் குறுக்கு இருக்கற ரெண்டு மூலைய ஆளுக்கு ஒண்ணா புடிச்சு, துவைச்ச புடவைய ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு நீவி விடுவாங்கல்ல, அப்படி மெதுவா இழுங்க. ஒரே இழுப்பு வேணாம். இழுத்து, விரிச்சு, அளந்து, மறுபடி.

இன்னொரு விஷயம், நிறைய பேர் மூலைக்கு மூலை ரெண்டும் சமமா வந்தா சதுரம்னு நினைச்சுக்குவாங்க. முறத்துக்கும் மூலைக்கு மூலை சமம்தான்! வாய் அகலம், அடி குறுகல், ஆனா குறுக்கு ரெண்டும் ஒண்ணு. அதனால மேல் கீழ் சமம், இடது வலது சமம், குறுக்கும் சமம், மூணும் வந்தாத்தான் ஒத்துக்கணும்.

விரிச்சு அளக்க ஹால் தரை டைல்ஸ் போதும், ஒரு ஜாயிண்ட் லைன் மேல ஒரு ஓரத்த வெச்சா அடுத்த ஓரம் குறுக்கு லைனோட ஒட்டிப் போகுதான்னு கண்ணாலயே தெரியும். ஆனா டைல எண்ணி அளவெடுக்காதீங்க, 2 அடி டைல்னு கடைல சொல்றது 600 மில்லிமீட்டர், 24 இன்ச்சுக்கு மூணு நூல் கம்மி, மூணு டைல் தாண்டினா ஒரு இன்ச்சுக்கு மேல காலி. லைனுக்கு மட்டும் டைல், அளவுக்கு டேப்.


சுங்குடிப்பொட்டு:

அண்ணா 90ன்னு படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, கட்டில் அளவுக்குத்தான் 6, 8ன்னு வெச்சேன். முறம் உதாரணத்த எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், அவர் போயி சமையக்கட்டுல முறத்த எடுத்து அளந்து பாத்துட்டு வந்தாரு.

ஒரு சந்தேகம், 72¾ஐ 71½க்குள்ள அடக்கணும்னா ஒண்ணேகால் இன்ச், சுருக்கம் விழாதா?


பாபின் கேஸ்:

விழாதும்மா, பத்து நூலத்தான அடக்கணும், எட்டு பிளாக் இருக்கு, பிளாக்குக்கு ஒண்ணேகால் நூல். ப்ளவுஸ் கைய ஏத்தும்போது இதவிட அதிகமா அடக்குவோம், ஒரு சுருக்கம் தெரியாது. நான் 30 வருஷமா ஜென்ட்ஸ், லேடீஸ் ரெண்டும் தைக்கிறேன், க்வில்ட்டு பொண்ணு கத்துக்கிட்டதப் பாத்து வந்தது.

ஒரே சூட்சுமம், எது லூஸோ அது கீழ, எது டைட்டோ அது மேல. மெஷின் பல்லு கீழ் துணியத்தான் இழுத்து உள்ள தள்ளும், மேல் துணிய ஃபுட்டு அமுக்கிப் புடிச்சு பின்னாடி நிறுத்தும். ஒரே நீளம் ரெண்டு பட்டைய பின் குத்தாம தைச்சுப் பாருங்க, கடைசில மேல் துணி நீட்டிக்கிட்டு நிக்கும். அது குறைதான், ஆனா நமக்கு வேல செய்யும். டாப்ப கீழ போடுங்க, பார்டரை மேல போடுங்க, பல்லு தானா அந்தக் கூடுதல வாங்கிக்கும். நீங்க முதல் தடவை பார்டரை கீழ போட்டு தைச்சிருப்பீங்க, சரியா? அது இன்னும் பார்டரை சாப்டுட்டுப் போயிருக்கும்.

பின் குத்துறது நடுவுல ஆரம்பிக்கணும். பார்டரை ரெண்டா மடிச்சு நகத்தால கீறி நடு குறிங்க, டாப்பையும் மடிச்சு நடு குறிங்க, நடு நடுவோட, முனை முனையோட, அப்புறம் கால், அப்புறம் அரைக்கால். எட்டு பாகம் ஆச்சா, ஒவ்வொரு பாகத்துலயும் கூடுதலா இருக்கறது அந்த பாகத்துக்குள்ளயே செத்துப் போகணும், அடுத்ததுக்குத் தள்ளி விடக் கூடாது. தள்ளினீங்கன்னா கடைசி மூலைல வந்து மொத்தமா மடிப்பு விழும். மெஷின் தலைல ஃபுட்டு ப்ரெஷர் திருகு இருக்கும், அத ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க. டாப் கீழ இருக்கறதால அதோட தையல் மடிப்பு பின்பக்கம் புரண்டுக்கும், விரல விட்டு ஒவ்வொண்ணா நேர் பண்ணிட்டுப் போங்க, அவசரப்பட்டா புரண்டது புரண்டதுதான்.

கால் இன்ச்சுக்கு ஃபுட்டு வாங்கணும்னு இல்ல. பழைய ஏடிஎம் கார்டுல ஒரு துண்டு வெட்டி, ஊசி கரெக்டா கால் இன்ச் கோட்டுல இறங்குற மாதிரி ரூலர வெச்சு, அதோட ஓரத்துல கார்ட டேப் போட்டு மெஷின்ல ஒட்டிருங்க, துணி அந்த சுவர ஒட்டியே போகும். சரியான்னு பாக்க ஒண்ணரை இன்ச் பட்டை மூணு சேர்த்துத் தைங்க, நடுப் பட்டை சரியா ஒரு இன்ச் வரணும். வரலன்னா கார்ட நகத்துங்க. அளக்கற டேப்ப மாத்தாதீங்க, அதுலயும் ஒண்ணு சொல்லணும், எந்த இன்ச் டேப்ல டாப்ப அளந்தீங்களோ அதே டேப்லதான் பார்டரையும் அளக்கணும், பழைய டேப்பு இழுத்து நீண்டிருக்கும், என் கடைல ரெண்டு டேப்புக்கு நடுவுல அரை இன்ச் வித்தியாசம் இருக்கு.


ஸ்கார்பரோச் சித்தி:

பிள்ளை, நான் கனடாவில இருந்து எழுதுறன். எல்லாரும் தையலைப் பற்றிக் கதைச்சாச்சு, பார்டர்த் துணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. நீங்கள் சீலையை அகலவாக்கில வெட்டினதெண்டு எழுதியிருக்கிறியள், அதையும் மாத்துங்கோ. நெசவில பாவு நூல் இறுக்கமா இழுத்துக் கட்டினது, ஊடை நூல் அவ்வளவு இறுக்கம் இல்லை, அதால அகலவாக்கில துணி கொஞ்சம் இளகும். சீலையின்ர நீளம்தான் பாவு. எங்கட கையில ஐந்தரை மீற்றர் பாவு கிடக்குது! இஞ்ச உள்ளவை கடையில பார்டருக்கெண்டு நீளவாக்கில வெட்ட வேணுமெண்டா கனக்கத் துணி வாங்க வேணும், அதால ஒட்டுப் போட்டுத்தான் சமாளிக்கினம். சீலை வைச்சிருக்கிற நாங்கள் ஒட்டே இல்லாமல் நாலு பார்டரும் எடுக்கலாம்.

எந்த இடத்தில எடுக்கிறதெண்டும் பாருங்கோ. உள்சுத்து, இடுப்பில சொருகிற தொங்கல் இருக்கே, அதுக்கு வெய்யில் படுறதில்லை, நிறம் அப்பிடியே கிடக்கும், தேயவும் மாட்டுது. கொய்யகம் (கொசுவம்) வாற இடத்தை எடுக்காதேங்கோ, வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தால் அரிதட்டு மாதிரித் தெரியும். ஃபோல்ஸ் தைச்ச இடத்தில ஊசி ஓட்டை வரிசையா இருக்கும், அதையும் விடுங்கோ. கரையை வெட்டி எறிஞ்சுபோட்டுத்தான் பட்டை எடுக்க வேணும், கரை நெருக்கமா நெய்தது, கழுவினால் அது வேற மாதிரிச் சுருங்கும்.

நான் முதல் க்வில்ட்டைப் பஞ்சு வைச்சுத் தைக்கிற லோங் ஆர்ம் மெஷின்காரியிட்டக் குடுத்தனான், உங்கட மாதிரித்தான் ஓரம் அலை. அவ அதை விரிச்சுப் பாத்திட்டு ஒண்டும் பேசேல்ல, "க்வில்ட் பண்ணினால் அடங்கும்" எண்டு நான்தான் சொன்னன். அடங்கேல்ல. நாலு மூலையிலயும் மடிப்பு விழுந்து வந்துது, இப்பவும் கட்டில்ல கிடக்குது. பஞ்சு வைச்சுத் தைச்சால் சரியாகும் எண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ.

ஆனா ஒரு கதை, சதுரம் இல்லாட்டி க்வில்ட் இல்லை எண்டு இல்லை. அலபாமாவில ஜீஸ் பெண்ட் எண்டு ஒரு ஊர், அங்கத்தைக் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்பில தைச்ச க்வில்ட் கன நேராவா இருக்குது? கோடு வளையும், பட்டை ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் ஒடுக்கம். 2006ல அமெரிக்கா அதுகளைத் தபால் முத்திரையில போட்டது. அது வேற விளையாட்டு. நீங்கள் 48 சதுரத்தை வரிசையில நிறுத்தியிருக்கிறியள், வரிசை கட்டினால் வளைவு குத்தும், அதுதான்.


நூல்கண்டு:

சித்தி உள்சுத்து விஷயம் எனக்கே தோணல, நான் முந்தானைய எடுத்துக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா.

நம்ம நாட்டுலயே இந்த மாதிரி பாணின்னா கர்நாடகால ஹலியால், எல்லாப்பூர் பக்கம் சித்தி ஜனங்க போடற கவண்டி இருக்கு (சித்தின்னா உங்கள இல்ல சித்தி, அது அவங்க இனத்தோட பேர்). அவங்க இந்தப் பார்டர் சண்டையே போட மாட்டாங்க, அடித்துணிய மொதல்ல அளவா விரிச்சுட்டு ஓரத்துலருந்து துண்டு வெச்சு தைச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. ஓரம்தான் முதல்ல முடியும். மூலைல மடிச்ச முக்கோணம் வைப்பாங்க, பூலான்னு பேர், அது இல்லாம குடுக்கவே மாட்டாங்க. நாம நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துல வந்து மாட்டிக்கிறோம்.

சரி கண்ணு, மேல் கீழ் பார்டர் கணக்கு தெரியுமில்ல? பக்க பார்டர் ரெண்டும் வெச்சு, மடிப்ப பார்டர் பக்கமா சாச்சுத் தேய்ச்சதுக்கு அப்புறம்தான் அகலத்த அளக்கணும், அதுவும் நடுவுல. பார்டர் எவ்ளோ அகலம் வெக்கப் போற?


சுங்குடிப்பொட்டு:

5½ வெட்டப் போறேன் அக்கா, தைச்சா 5. அப்ப 53¾ கூட 11, தையலுக்கு நாலு கால் இன்ச் போனா 63¾ வரணும், சரியா? வெச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்.

(ஒன்பது நாள் கழிச்சு)

எல்லாருக்கும் வணக்கம், உயிரோடதான் இருக்கேன்.

கஞ்சி தெளிச்சு மெத்தைல விரிச்சு நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு மூலை புடிச்சோம். அம்மாவுக்கு அவங்க புடவைய அவங்களே இழுக்குறது என்னமோ மாதிரி ஆயிருச்சு, "இது நீ பொறந்தப்ப கட்டுனது, பாத்து"ன்னாங்க, அந்த பச்சைல வெள்ளைப் பொட்டு போட்டது. நாலு தடவை இழுத்து அளந்ததுல குறுக்கு 90, 89⅝னு வந்து நின்னுச்சு, அதுக்கு மேல போகல, விட்டுட்டேன். 162 குண்டூசி ஆச்சு, தலைகாணி, சோபா எல்லாத்துலருந்தும் புடுங்கினேன். காலைல ஃபேன் காத்துல காஞ்சு அப்படியே அட்டை மாதிரி இருந்துச்சு, எனக்கு நம்பவே முடியல அதே துணின்னு.

அரக்குப் புடவைல உள்சுத்து பக்கம் விரிச்சுப் பாத்தா சித்தி சொன்னது நூத்துக்கு நூறு, மேல எல்லாம் செங்கல் கலராப் போயிருக்கு, உள்சுத்து மட்டும் கடைல வாங்கின அன்னைக்கு இருந்த அரக்கு. ஆனா அதனால ஒரு சிக்கல், உள்சுத்து ரெண்டு மீட்டருக்குள்ளதான் நல்லா இருந்துச்சு, ரெண்டு மீட்டர் நீளத்துல பக்கம் பக்கமா நாலு பட்டை தாராளமா வந்துருச்சு, பரவால்லன்னு நிம்மதி. எல்லாம் பாவுவாக்கு, ஒரு ஒட்டு கூட இல்ல.

டாப் கீழ, பார்டர் மேல வெச்சு தைச்சேன். முதல் பக்கம் தைக்கும்போது கை நடுங்குச்சு, ஒரு இடத்துல பாபின் கேஸ் அண்ணன் சொன்ன மாதிரியே அடில மடிப்பு புரண்டுருச்சு, மூணு இன்ச் பிரிச்சேன். ரெண்டாவது பக்கம் தானா போச்சு, பல்லு அந்தக் கூடுதல வாங்குறது கைல தெரியுது, துணி சும்மா நழுவி நழுவி உள்ள போகுது. ஒரு சுருக்கம் கூட இல்ல. முனை எல்லாம் பார்டரைத் தொட்டுக்கிட்டு நிக்குது, ரெண்டு முனை மட்டும் அரை நூல் உள்ள போயிருச்சு, அத நான் சொன்னாத்தான் தெரியும்.

நடுவுல அளந்தா 63¾ அப்படியே வந்துச்சு அக்கா!! மேல் கீழ் பார்டரும் வெச்சாச்சு. இப்ப மொத்தம் 63¾க்கு 81½, குறுக்கு 103½, 103¾. ரெண்டு நூல் வித்தியாசம். இது போதுமா இல்ல இன்னும் இழுக்கணுமா? 5க்கு 6½ கட்டில்ல போட்டா ஓரம் ஒண்ணரை இன்ச்தான் தொங்கும், அதுவும் பரவால்லியா?


மூலமட்டம்:

ஆறே முக்கால் அடி நீளத்துல கால் இன்ச்! எங்க சைட்ல இதுக்குப் பார்ட்டி வெச்சிருப்போம். விட்டுருங்க.


நூல்கண்டு:

போதும் கண்ணு, இனி தொடாத. பஞ்சு வெச்சு தைச்சதும் எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் வரைக்கும் உள்ள இழுக்கும், ஒரே சீரா இழுக்காது, அதனால பைண்டிங், அதான் ஓரத்த மூடற பட்டை, போடறதுக்கு முன்னால இன்னொரு தடவை ரூலர் வெச்சு சதுரம் பாத்து வெட்ட வேண்டி வரும். அப்ப வெட்டலாம், பார்டர்ல முனை எதுவும் இல்ல, தைரியமா வெட்டு. தொங்கறது பத்தலன்னா இன்னொரு பார்டர் வெக்கறதுக்கு ஆவணிக்கு நாள் இருக்கா?


சுங்குடிப்பொட்டு:

இல்ல அக்கா, நாளும் இல்ல, புடவையும் இல்ல. மிச்சம் இருக்கறது அந்த பச்சை ஒண்ணுதான், அத அம்மா எடுத்து பீரோல வெச்சுட்டாங்க.